தோன்றா எழுவாய்: தொடக்கமும் பொறுப்பும் பற்றி ஒரு சிந்தனை

தமிழிலக்கணம் கற்றோர் 'தோன்றா எழுவாய்' என்பதனை நன்கறிவர். 'நேற்று வந்தேன்' என்னும் வாக்கியத்தில் 'நான்' என்ற எழுவாய் வெளிப்படத் தோன்றவில்லை. ஆயினும் வினைமுற்றின் விகுதி அதனைக் காட்டி நிற்கின்றது. எழுவாய் மறைந்திருப்பினும் செய்தவர் யாரென்பதில் ஐயம் எழுவதில்லை. ஆயின், எழுவாய் தோன்றாதிருப்பது வேறு. செய்தவரே இல்லாததுபோல் வாக்கியம் அமைவது வேறு. 'தீர்மானிக்கப்பட்டது', 'தவறு நேர்ந்துவிட்டது', 'இத்தால் அறியத்தரப்படுகின்றது' என்னும் வாக்கியங்களை அறிவித்தற் பலகைகளில் நாள்தோறும் காண்கின்றோம். தீர்மானித்தவர் யார்? தவறியவர் யார்? இலக்கண நோக்கில் இவ்வாக்கியங்களுக்கு எழுவாய் உண்டெனலாம். ஒழுக்க நோக்கில் அவற்றுக்கு எழுவாய் இல்லை.

இக்கட்டுரை ஆராய முனையும் வினா இதுவாகும்: பலர் கூடிச் செய்யும் ஒரு செயலின் தொடக்கம் எங்கே இருக்கின்றது? அத்தொடக்கத்துக்குப் பொறுப்பேற்பவர் ஒருவரும் இல்லாதவிடத்து, அக்குறையை எவ்வாறு தீர்ப்பது நேர்மையாகும்? இவ்வினா மெய்யியல் நூலெதிலும் இருந்து எனக்குக் கிடைத்ததன்று. கணினித் திரையில் தோன்றிய ஒற்றை வரி வழுச்செய்தியொன்றே இதனை என்னுள் எழுப்பியது. கலைப்பீட மாணவன் ஒருவன் கணினியின் வழுச்செய்தியை வைத்துக்கொண்டு ஒழுக்கவியல் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் அச்செய்தி சுட்டிய குறை கணினியில் இருக்கவில்லை என்பதைப் பின்னர் உணர்ந்தமையாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண், அச்செய்தியின் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். மனிதர் எழுதும் செய்நிரல் கணினிக்கு நேரே விளங்குவதில்லை. அது இரண்டு படிகளைக் கடந்தே இயங்கும் நிலையை அடைகின்றது. முதற்படியில், தொகுப்பி எனப்படும் மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே எடுத்து, அதன் இலக்கணத்தைச் சோதித்து, பொறிமொழிக்கு மாற்றுகின்றது. ஒரு கோப்பிலுள்ள சார்பு, அதாவது பெயரிடப்பட்ட ஒரு செயற்கூறு, பிறிதொரு கோப்பிலுள்ள சார்பினைப் பெயர் சொல்லி அழைக்குமாயின், அப்பெயருக்கு உரியது எங்கே உள்ளதெனத் தொகுப்பி தேடுவதில்லை. அவ்விடத்தை வெற்றிடமாக விட்டு அப்பாற் செல்கின்றது. இரண்டாம் படியில், இணைப்பி என்னும் மென்பொருள் எல்லாக் கோப்புகளையும் ஒன்றுசேர்த்து, அழைக்கப்பட்ட பெயர் ஒவ்வொன்றுக்கும் உரியதைக் கண்டு, அவ்வெற்றிடங்களை நிரப்புகின்றது. 1952 ஆம் ஆண்டளவில் கிறேஸ் ஹொப்பர் ஆக்கிய ஏ-0 என்னும் தொகுதி, இத்துறையின் முதல் முயற்சிகளுள் ஒன்று. ஒலிநாடாவை ஒத்த காந்த நாடாவில் இருந்த செயற்கூறுகளை எண்ணால் அழைத்து ஒன்றுசேர்த்த அத்தொகுதியின் பணி, இன்றைய இணைப்பியின் பணியையே பெரிதும் ஒத்திருந்தது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சி மொழியில், செய்நிரல் தொடங்கவேண்டிய இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. 'மெயின்' என்பதே அப்பெயர். கோப்பின் முதல் வரி தொடக்கமாவதில்லை. மெயின் என்னும் சார்பு கோப்பின் அடியில் எழுதப்பட்டிருப்பினும் எழுதியவரின் செய்நிரல் அங்கிருந்தே தொடங்கும். வரிசையில் முன்னிற்பது தொடக்கம் என்று நாம் சாதாரணமாகக் கருதுகின்றோம். சி மொழியின் கொள்கை அதனின் வேறுபட்டது. வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு எது விடைகொடுக்கின்றதோ அதுவே தொடக்கம்.

இனி, நிகழ்ந்ததைக் கூறுவேன். இரண்டாம் வருடத்தில், மொழியியலோடு கணினியியலையும் விருப்பப் பாடமாகப் பயின்ற எங்கள் ஐவருக்குக் குழு ஒப்படையொன்று தரப்பட்டது. தமிழ்ப் பனுவலொன்றை வாசித்து, அதில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகின்றதென எண்ணி, அகரவரிசையில் அச்சிடும் செய்நிரலொன்றைச் சி மொழியில் ஆக்குதல் வேண்டும். வேலையை ஐந்தாகப் பகுத்துக்கொண்டோம். கோப்பினைத் திறந்து வாசித்தல் ஒருவருக்கு. சொற்களாகப் பிரித்தல் இன்னொருவருக்கு. எண்ணுதல், வரிசைப்படுத்தல், அச்சிடல் என்பன ஏனையோருக்கு. வரிசைப்படுத்தல் எனது பங்காயிற்று. யுனிகோட் குறிகளின் எண் ஒழுங்கை அப்படியே பின்பற்றினால் 'க்' என்னும் புள்ளியெழுத்து 'கௌ' என்பதற்கும் பின்னே போய் நின்றுவிடும். நமது நெடுங்கணக்கில் அது 'க' என்பதற்கு முன்னே வரவேண்டும். இவ்வொழுங்கைச் சரிசெய்ய ஒரு கிழமை உழைத்தேன். அதிற் பெருமையும் கொண்டேன். ஏனைய நால்வரும் தத்தம் பகுதியில் அவ்வாறே உழைத்தனர். ஒவ்வொருவரும் தமது கோப்பினைத் தனியே தொகுத்துப் பார்த்தபோது ஒரு வழுவும் இருக்கவில்லை.

சமர்ப்பிக்கவேண்டிய நாள் இரவு பத்து மணிக்கு ஐந்து கோப்புகளையும் ஒன்றுசேர்த்தோம். 'வின்மெயின் என்னும் பெயருக்கான சுட்டு வரையறுக்கப்படவில்லை' என்னும் கருத்துப்பட இணைப்பி ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டி நின்றுவிட்டது. எங்களுள் எவரும் அப்பெயரை எழுதியதுமில்லை, அழைத்ததுமில்லை. கோப்புகளில் தேடினோம், எங்கும் இல்லை. நண்பரொருவர் தொகுப்பியே பழுதென்று கூறி, அதனை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். சைவசித்தாந்த நூல்கள் குடமொன்று உருவாவதற்கு மண்ணை முதற்காரணம் என்றும், திரிகையையும் தண்டையும் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்தகாரணம் என்றும் வகுத்துக் கூறும். எங்களிடம் மண் இருந்தது. திரிகையிற் பழுதில்லை. குயவன் எங்கே என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

அச்செய்தியில் ஏன் அந்த அந்நியப் பெயர் வந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். நாங்கள் வின்டோஸ் இயங்குதளத்திற் பாவித்த தொகுப்பியோடு, செய்நிரலைத் தொடக்கிவைக்கும் சிறிய ஆயத்தக் கோப்பொன்று சேர்ந்து வரும். அது மெயின் என்பதனை அழைக்கும். எழுதியவர் மெயினைத் தராதவிடத்து, அத்தொகுப்பியின் நூலகத்திலுள்ள பதிலி மெயினொன்று அவ்விடத்தில் வந்து அமரும். அப்பதிலி தானாக எதையும் செய்வதில்லை. சாளரங்களோடு இயங்கும் செய்நிரல்களின் தொடக்கமாகிய வின்மெயின் என்பதனிடம் பொறுப்பைக் கைமாற்றிவிடும். அதுவும் இல்லாதபோதே இணைப்பி குரலெழுப்பும். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் இக்கைமாற்றம் இல்லை. மெயின் இல்லையென்றே செய்தி வரும். அலுவலகங்களில் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பப்பட்டு, இறுதியில் நாம் கேள்விப்பட்டிராத ஓர் உத்தியோகத்தரின் பெயரைக் கூறி 'அவர் இன்று வரவில்லை' என்று திருப்பியனுப்பப்பட்ட அனுபவம் உடையோர்க்கு இச்செய்தியின் சுவை விளங்கும். முறைப்பாட்டில் வரும் பெயர் குறையின் இருப்பிடமாக இருக்கவேண்டும் என்ற நியதியில்லை.

இதே செய்தி வேறு காரணங்களாலும் எழக்கூடும். மெயின் எழுதப்படாதிருக்கலாம். எழுதப்பட்டும், ஆங்கிலத்திற் பெரிய எழுத்தோடு தொடங்கப்பட்டமையால் அப்பெயராகக் கொள்ளப்படாதிருக்கலாம். அது வேறொரு கோப்பிலிருந்து, அக்கோப்பினை இணைப்பியிடம் கொடுக்க மறந்திருக்கலாம். கோப்பினைச் சேமிக்காமலே தொகுத்திருக்கலாம். அன்றியும், ஆக்கப்படுவது செய்நிரலாகவன்றிப் பிறர் எடுத்தாளும் நூலகமாக இருந்து, அதனைச் செய்நிரலாக இணைக்கத் தவறாகக் கட்டளையிட்டிருக்கலாம். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. பெயர் பிழையெனின் பெயரைத் திருத்தவேண்டும். கோப்பு விடுபட்டிருப்பின் அதனைச் சேர்க்கவேண்டும். நூலகமெனின் கட்டளையை மாற்றவேண்டும். மெயினை எழுதுவது அங்கு பிழையாகும். இணைப்பி தான் தேடியது கிடைக்கவில்லை என்பதை மட்டுமே கூறுகின்றது. ஏன் கிடைக்கவில்லை என்பதை எழுதியவரே ஆராய்ந்து காணல் வேண்டும்.

நாங்கள் ஆராயவில்லை. 'மெயின் நீர் எழுதேல்லையோ?' என்று ஒருவர் மற்றவரைக் கேட்டார். 'நீர் எழுதுவீர் எண்டு நான் இருந்தன்' என்பதே எல்லாரிடமிருந்தும் வந்த விடை. பதினொன்றரை மணியாயிற்று. நான் ஆறாவது கோப்பொன்றைத் திறந்து, மெயின் என்று பெயரிட்டு, இரண்டு அடைப்புக்குறிகளுக்கிடையில் ஒன்றும் எழுதாமல் மூடினேன். இணைப்பி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. வழுக்கள் இல்லை என்ற செய்தி வந்ததும் அறையில் ஆரவாரம் எழுந்தது. செய்நிரலை இயக்கியபோது திரையில் ஒன்றும் தோன்றவில்லை. தொடங்கிய கணத்திலேயே அது முடிந்துவிட்டது. ஒப்படைத் தாளில் 'வழுவின்றித் தொகுக்கப்படல் வேண்டும்' என்று இருந்ததேயன்றி வேறொன்றும் அவ்வேளையில் எங்கள் கண்ணிற் படவில்லை. சமர்ப்பித்துவிட்டு உறங்கச் சென்றோம்.

இங்கு ஒரு தொழினுட்பச் செய்தி ஒழுக்கச் செய்தியாக மாறுகின்றது. மெயின் என்னும் சார்பு தன் பணி முடிந்ததும் தன்னை அழைத்தவரிடம் ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். பூச்சியம் எனின் பணி நன்கு நிறைவேறியது என்பது பொருள். வேறெண் எனின் ஏதோ தவறியது என்பது வழக்கு. 1999 ஆம் ஆண்டின் சி மொழி நியமத்தின்படி, மெயினில் அவ்வெண்ணை எழுதியவர் குறிப்பிடாமல் இறுதி அடைப்புக்குறியை அடைந்தால் பூச்சியம் திருப்பிக் கொடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். எனவே, நான் எழுதிய வெறும் மெயின் ஒரு சொல்லையும் வாசிக்காமல், ஒன்றையும் எண்ணாமல், 'யாவும் நலம்' என்று அறிவித்துக்கொண்டிருந்தது. இணைப்பியின் வழுச்செய்தி உண்மை பேசியது. அச்செய்தியை அகற்ற நான் செய்த திருத்தம் பொய் பேசியது.

மறு கிழமை விரிவுரையாளர் எங்களை அழைத்து, எங்கள் முன்னிலையிலேயே செய்நிரலை இயக்கினார். ஒன்றும் நிகழாமல் கட்டளை வரி மீண்டும் வந்து நின்றது. கோப்புகளைத் திறந்து பார்த்தார். என் வரிசைப்படுத்தற் சார்பினை நின்று வாசித்தார். பின்னர், 'இந்த மெயினை எழுதினது ஆர்?' என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நானே முந்திக்கொண்டு, 'நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் எழுதினது, மிஸ்' என்றேன்.

அவ்வாக்கியத்தைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். அதில் எழுவாய் இருக்கின்றது, தாராளமாகவே இருக்கின்றது. ஆயினும் அது தோன்றிய எழுவாயாக இருந்தும் செய்தவனை மறைத்தது. தமிழ்மொழி, கேட்போரையும் உள்ளடக்கும் 'நாம்' என்பதையும் அவரை விலக்கும் 'நாங்கள்' என்பதையும் வேறு பிரித்து வைத்திருக்கின்றது. என் 'நாங்கள்' விரிவுரையாளரை விலக்கியதோடு என்னையும் விலக்கிவிட்டது. ஐவர் மீது பரப்பப்பட்ட பழி ஒருவரையும் தொடாமற் போயிற்று.

இது மாணவர் ஒப்படையொன்றின் சிறு நிகழ்ச்சிதானே என்று வினவக்கூடும். ஆயின், எச்சரிக்கையின் காரணத்தை அறியாமல் அதனைத் தாண்டிச் செல்லும் பழக்கம் சிறிய இடங்களோடு நின்றுவிடுவதில்லை. கனடாவில் ஆக்கப்பட்ட தெரக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி 1985 முதல் 1987 வரையான காலத்தில் ஆறு நோயாளருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைச் செலுத்தியது. அவர்களுட் சிலர் அதனால் இறந்தனர். முந்திய பொறிகளில் இருந்த வன்பொருட் பாதுகாப்புத் தடைகள் அதில் நீக்கப்பட்டு, அப்பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டிருந்தது. 1986 இல் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் நிகழ்ந்த விபத்துகளின்போது, திரையில் 'பழுது 54' என்னும் செய்தி தோன்றியது. அதன் பொருள் யாதென இயக்குநருக்கான கைந்நூலில் விளக்கப்பட்டிருக்கவில்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி வந்தமையால் ஒரு விசையை அழுத்திச் சிகிச்சையைத் தொடர்வது வழக்கமாகியிருந்தது. அவ்வாறே செய்யப்பட்டது. விசையை அழுத்தியவர் மீது மட்டும் குற்றத்தைச் சுமத்துதல் நீதியாகாது. செய்தியை எழுதியவர், அதனை விளக்காது விட்டவர், தடைகளை நீக்கத் தீர்மானித்தவர், முந்திய முறைப்பாடுகளைப் புறக்கணித்தவர் எனப் பலர் அச்சங்கிலியில் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் தத்தம் பகுதி சரியாகவே தோன்றியிருக்கும்.

அரசியற் சிந்தனையாளர் டெனிஸ் தொம்சன் 1980 இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்நிலையைப் 'பல கைகளின் பிரச்சினை' எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். பல கைகள் பட்டு உருவாகும் முடிவொன்றுக்கு எந்தக் கையைப் பொறுப்பாக்குவது என்பதே அப்பிரச்சினை. அதற்கு முன்னரே, ஹன்னா ஆரென்ற் 1958 இல் வெளிவந்த தமது 'மனித நிலை' என்னும் நூலில், பணித்துறை ஆட்சியை ஒருவருமற்றவரின் ஆட்சி என விவரித்திருந்தார். ஆள்பவர் ஒருவரும் இல்லையென்பதால் ஆட்சி இல்லாமற் போவதில்லை. விடைகூற ஒருவரும் இல்லாமற் போவதே விளைவு என்பது அவரது கருத்தின் சாரம். நோக்குமிடத்து, நாங்கள் ஐவரும் அவ்விரவில் அமைத்த சிறிய அரசும் இதுவே. உழைப்புக்குக் குறைவிருக்கவில்லை, ஒவ்வொரு பகுதியும் சோதிக்கப்பட்டிருந்தது. அழைத்தால் 'நான்' என்று சொல்லும் இடமே அதில் இருக்கவில்லை.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழுப்பப்படலாம். முதலாவது, மெய்யான தொடக்கம் என ஒன்று உண்டோ என்பது. மெயினும் தானாகத் தொடங்குவதில்லை. ஆயத்தக் கோப்பு அதனை அழைக்கின்றது. ஆயத்தக் கோப்பினை இயங்குதளம் அழைக்கின்றது. இயங்குதளத்தை, விசையை அழுத்திய மனிதர் ஏவுகின்றார். அவரை ஒப்படையும், ஒப்படையைப் பாடத்திட்டமும் ஏவுகின்றன. இவ்வாறு பின்னோக்கிச் சென்றால் முதற்றொடக்கம் எங்கும் அகப்படாது. எனவே எவரையும் பொறுப்பாளராக்குதல் பொருந்தாது என்பர். கான்ற் 1781 இல் வெளியிட்ட 'தூய அறிவு பற்றிய விமர்சனம்' என்னும் நூலில் இச்சிக்கலை மூன்றாவது முரண்பாடாக முன்வைத்தார். காரணத் தொடருக்கு அப்பால் தானே தொடங்கும் ஆற்றல் உண்டு என்பதும், யாவும் இயற்கை விதிப்படியே நிகழ்கின்றன என்பதும் அங்கு எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. அரிஸ்ரோட்டில் இவ்வளவு தொலைவு செல்லவில்லை. மனிதன் தன் செயல்களின் தோற்றுவாய் என்பது அவரது ஒழுக்கவியலின் துணிபு. செய்வதும் செய்யாது விடுவதும் நம் வசத்தில் இருக்கும் அளவிற்குப் புகழும் பழியும் நமக்கு உரியன என்று அவர் கொண்டார்.

கான்ற் எழுப்பிய சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல் எனக்கில்லை. ஆயினும் நடைமுறைப் பொறுப்பைத் தீர்மானிக்க அதனைத் தீர்க்கவேண்டிய தேவையும் இல்லை எனக் கருதுகின்றேன். மெயின் அழைக்கப்படுகின்றது என்பதால் அது தொடக்கம் ஆகாமற் போவதில்லை. அழைக்கப்படுவதும், அழைப்புக்கு விடைகொடுப்பதும், முடிவில் அழைத்தவருக்குக் கணக்குக் கொடுப்பதும் சேர்ந்ததே தொடக்கமாதல். தமிழிற் 'பொறுப்பு' என்னும் சொல் பொறுத்தல், அதாவது சுமத்தல், என்னும் வினையிலிருந்து வருகின்றது. சுமப்பவர் சுமையை உண்டாக்கியவராக இருக்கவேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. அதனைத் தன் தோளில் ஏற்றிருக்கின்றார் என்பதே போதுமானது. ஒப்படையை நாங்கள் உண்டாக்கவில்லை. எனினும் அதனை ஏற்றுக்கொண்டோம்.

இரண்டாவது வாதம் இதனினும் வலியது. எல்லாரும் தொடக்கமாக முயலவேண்டும் என்று சொல்வது பேராசைக்கும் தலைமைப் போட்டிக்கும் வழிவகுக்காதா? இவ்வாதத்தின் உண்மையை இணைப்பியும் ஏற்றுக்கொள்கின்றது. இரண்டு கோப்புகளில் மெயின் எழுதப்பட்டிருந்தால், ஒரு பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டதெனக் கூறி அது மறுத்துவிடும். மேலும், மெயின் இல்லாதன யாவும் குறையுடையன என்பதும் பிழை. கணிதச் சார்புகளின் நூலகத்துக்கு மெயின் தேவையில்லை. அகராதியும் இலக்கண நூலும் தாமாக எதையும் தொடக்குவதில்லை. தேவைப்படுவோர் அழைக்கும்வரை அவை காத்திருக்கின்றன. அக்காத்திருப்பில் இழிவு எதுவுமில்லை. சமூகத்தில் நல்லோர் பலர் இத்தகையோரே. ஆகவே, வழுச்செய்தியைக் கண்டதும் முதலிற் கேட்கவேண்டிய வினா 'மெயினை எங்கே செருகலாம்?' என்பதன்று. நாம் ஆக்குவது நூலகமா, செய்நிரலா என்பதே முதல் வினா. பிறர் அழைப்புக்காகக் காத்திருக்க உரிமை உடையோமா, அல்லது நாமே விடைகொடுப்பதாக வாக்களித்திருக்கின்றோமா? நாங்கள் ஐவரும் செய்நிரலொன்றைத் தருவதாக ஏற்றுக்கொண்டு, நூலகத்தின் ஐந்து பகுதிகளாக இருந்துவிட்டோம். எங்கள் குறை இதுவே.

மறுநாள் நான் தனியே விரிவுரையாளரின் அறைக்குச் சென்று, அந்த மெயினை எழுதியவன் நானே என்றும், அதில் ஒன்றுமில்லை என்பதை அறிந்தே சமர்ப்பித்தேன் என்றும் கூறினேன். கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு வினாவையே கேட்டார்: 'அதுக்குள்ள என்ன எழுதியிருக்கவேணும் எண்டு இப்ப சொல்லும் பாப்பம்.'

என்னாற் சொல்ல முடியவில்லை. முதலிற் கோப்பை வாசிக்கவேண்டும், பின்னர் பிரிக்கவேண்டும் என்று தொடங்கினேன். வாசிப்பவர் எதைக் கொடுப்பார், பிரிப்பவர் எதைப் பெறுவார் என்று அவர் கேட்டபோது நின்றுவிட்டேன். மூன்று நாள் அவகாசம் தந்தார். பிந்தியமைக்காகப் புள்ளிகள் குறைக்கப்படும் என்றும் கூறினார். ஐவரும் மீண்டும் கூடினோம். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. வாசிக்கும் பகுதி முழுப் பனுவலையும் ஒரே தொடராகக் கொடுத்தது. பிரிக்கும் பகுதியோ வரி வரியாக வருமென எதிர்பார்த்தது. எண்ணும் பகுதி நூறு சொற்களுக்கு மேல் வராதெனக் கொண்டிருந்தது. எனது வரிசைப்படுத்தற் சார்பு, நான் பெருமைப்பட்ட அதே சார்பு, சொற்களை மட்டும் இடம்மாற்றி அவற்றின் எண்ணிக்கைகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. அதனை அப்படியே இயக்கியிருந்தால் ஒரு சொல்லின் கணக்கு இன்னொரு சொல்லுக்கு எழுதப்பட்டிருக்கும்.

தனித்தனியே பிழையற்றனவாக இருந்த ஐந்து பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்தாதன என்பதை மெயினை எழுத முனைந்தபோதே கண்டோம். அதுவரை ஒருவரும் அதனை எழுதாதிருந்தமைக்கு மறதி மட்டும் காரணமன்று என்பது இப்போது எனக்குத் தெளிவாகின்றது. மெயினை எழுதுபவர் முழுமையை அறிந்திருக்கவேண்டும். ஏனைய நால்வரிடமும் சென்று அவர்கள் என்ன செய்கின்றார்கள் என்று கேட்கவேண்டும். பொருந்தாத இடங்களைச் சுட்டிக்காட்டி மனஸ்தாபத்தையும் சம்பாதிக்கவேண்டும். தன் பகுதியைத் திறம்படச் செய்து முடித்தேன் என்ற ஆறுதல் அவருக்குக் கிடையாது. இச்சங்கடத்திலிருந்து ஐவரும் தப்பியிருந்தோம். நான் எழுதிய வெறும் மெயின் அச்சங்கடத்தை மூடிவைக்கவே உதவியது.

மூன்றாம் நாள் எழுதி முடித்த மெயின் முப்பது வரிகளுக்குள் அடங்கியது. கோப்பினைத் திறக்க முடியாவிடில் ஒன்று என்னும் எண்ணையும், யாவும் நிறைவேறினால் மட்டும் பூச்சியத்தையும் திருப்பிக் கொடுக்குமாறு அமைத்தோம். அதனை எழுதும்போது ஐவரும் ஒரே மேசையில் இருந்தோம். ஆயினும் விசைப்பலகையில் ஒருவரின் கையே இருந்தது. கோப்பின் தலைப்பில் அவருடைய பெயரையும் இட்டோம். கூட்டு முயற்சியில் தனிப்பெயர் ஏன் என்று அப்போது ஒருவர் கேட்டார். ஏதும் பிழைத்தால் விரிவுரையாளர் கேட்கும் வினாவுக்கு விடைகூற ஒருவர் வேண்டும் என்பதற்காகவே என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

சங்கங்களை அமைக்கின்றோம், செயற்குழுக்களைத் தெரிவு செய்கின்றோம், கூட்ட அறிக்கைகளில் 'நடவடிக்கை எடுக்கப்படவேண்டும்' என எழுதி நிறைவேற்றுகின்றோம். அவ்வறிக்கைகளை வாசிக்கும் இணைப்பியொன்று இருப்பின், 'எடுப்பவர் என்னும் பெயருக்கான சுட்டு வரையறுக்கப்படவில்லை' என்று கூறி அது நின்றுவிடும். மனித நிறுவனங்களில் அத்தகைய இணைப்பி இல்லாமையால், எழுவாயற்ற வாக்கியங்கள் ஆண்டுக்கணக்கில் வழுவின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் பூச்சியத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. அத்தகைய குறையைக் காணும்போது வெறும் பெயரொன்றை இட்டு நிரப்புவது எளிது. அப்பெயருக்கு உரியவர் முழுமையை அறிந்திருக்கின்றாரா, கேட்டால் விடை சொல்வாரா என்று நோக்குவதே நேர்மையான திருத்தமாகும்.

தன்மை ஒருமை வினைமுற்றின் விகுதி மிகச் சிறியது. எழுவாய் தோன்றாவிடினும் செய்தவனைக் காட்டிக்கொடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று தொடக்கத்திற் குறிப்பிட்டேன். அன்று விரிவுரையாளர் முன்னிலையில் ஐவரும் நின்றபோது நான் சொல்லியிருக்கவேண்டியது ஒரு சொல்லே. 'எழுதினேன்' என்பது அச்சொல்.